கூலி வேலை என்று எழுதினேன்

அக்கா,

இன்று காலை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஒட்டிப் புதிதாக ஒரு மாடிவீடு எழும்புகிறது. சில நாட்களாக அங்கே சமையல் மேடைக்குக் கல் அறுக்கிறார்கள். கொடியில் காய்ந்த என் கறுப்புத் துப்பட்டாவின் மேல் வெள்ளையாக ஒரு படலம் கிடந்தது. தண்ணீர் டிரம்மின் மூடியிலும் அதே படலம். விரலால் தொட்டுப் பார்த்தேன். வாசனை இல்லை, கைக்கு எதுவும் தட்டுப்படவும் இல்லை. விரல் மட்டும் வெளுத்திருந்தது. துணியை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல் அறுத்தவன் வடக்கேயிருந்து வந்த இளைஞன். முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தான். கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "பானி டால்கே காட்டோ பையா" என்றேன். தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி பறக்காது. அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "ஷாக் மாரேகா தீதி" என்றான். தண்ணீர் பட்டால் மெஷின் ஷாக் அடிக்குமாம். கீழே போய் என் பையில் இருந்த நல்ல மாஸ்க் இரண்டை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றைப் போட்டுக்கொண்டான். மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுபடியும் மெஷின் சத்தம் கேட்டது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவசரம் ஒன்றும் இல்லை. நானும் மெதுவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் வந்தது உங்களுக்காக இல்லை, உங்கள் வீட்டுக்காரருக்காக, அண்ணனுக்காக. காசநோய்ப் பிரிவில் நான் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த புதிது. சூளகிரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஸ்கூட்டியில் போய், டிபி நோயாளிகள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. பேரிகை ரோட்டில் உள்ளே தள்ளி, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகள். அதில் கடைசி வீடு உங்களுடையது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். நான் கூப்பிட்டால் எழுந்து, மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மாத்திரைக் கணக்கு முடியும் முன்பே அவர் முடிந்துபோனார். அவருடைய அட்டையில் காசநோய், இறப்பு என்று எழுதி மூடியது நான்தான்.

அவர் படுக்கையில் விழுந்தபோதே நீங்கள் கல் அரைக்கிற அந்த மில்லுக்குப் போக ஆரம்பித்திருந்தீர்கள். "அவரு எடத்துல என்னைச் சேத்துக்கிட்டாங்க சிஸ்டர். மேஸ்திரி நல்ல மனுசன்" என்று சொன்னீர்கள். நல்லதாகப் போயிற்று அக்கா என்று நானும் சொன்னேன்.

ஊத்தங்கரைப் பக்கம் உங்கள் ஊரில் கிணறு வற்றி, போரும் வற்றி, இரண்டு பேரும் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். வந்த கொஞ்ச காலத்திலேயே உங்கள் வாய்க்கு மூன்று பாஷையும் வந்துவிட்டது. மேஸ்திரியிடம் தெலுங்கு, லாரிக்காரரிடம் கன்னடம், என்னிடம் உங்கள் ஊர்த் தமிழ். "வையறதுக்குத் தெலுங்கு, பேரம் பேசக் கன்னடம், அழறதுக்குத் தமிழு. அவ்ளோதான் சிஸ்டர், கஷ்டமே இல்ல" என்பீர்கள். நீங்கள் தமிழில் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் போன அன்றுகூட, வந்தவர்களுக்கெல்லாம் உட்கார இடம் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த மில்லை நான் வெளியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் தகரம் அடித்த ஷெட். லாரியில் வெள்ளைக் கல் வந்து இறங்கும். உடைத்து, அரைத்து, மாவாக்கி மூட்டை பிடிப்பார்கள். கண்ணாடி செய்கிற இடத்துக்கும் இரும்பு உருக்குகிற பட்டறைக்கும் போகிறது என்றார்கள். மாலையில் வேலை விட்டு வரும் பெண்களின் புருவமும் இமையும் வெளுத்திருக்கும். லைன் வீட்டுப் பொதுக் குழாயில் நீங்கள் முகம் கழுவினால், கல்லில் ஓடும் தண்ணீர் பால் மாதிரி இருக்கும். ஒருநாள் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "எங்களுக்குப் பவுடர் செலவே இல்ல சிஸ்டர், கம்பெனியே பூசி அனுப்பிடறான்" என்றீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் முகம் எரிகிறது. டிபிக்கு எதிரான வேலைக்காகச் சம்பளம் வாங்குகிறவள், நுரையீரல் படம் போட்ட நோட்டீஸைப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் புருவத்தில் இருந்த வெள்ளையைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு நீங்களே இரும ஆரம்பித்தீர்கள். மூச்சு வாங்குகிறது என்றீர்கள். எங்கள் சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். சளியில் கிருமி தெரியவில்லை. எக்ஸ்ரேயில் மட்டும் நுரையீரலின் மேல்பாகத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்ல யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டார். "இவங்க வீட்டுக்காரர் டிபில இறந்துட்டார் சார்" என்றேன். அப்புறம் கேட்க என்ன இருக்கிறது? புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கு வந்திருக்கிறது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை.

உங்கள் அட்டையையும் நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற கட்டம் வந்தபோது, "மில்லுல மூட்ட புடிக்கறது" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. கட்டம் சின்னது. அந்த லைனில் இருக்கிற எல்லாருக்கும் போடுகிற மாதிரி உங்களுக்கும் கூலி வேலை என்று போட்டேன். அண்ணனுடைய அட்டையிலும் அதையேதான் போட்டிருந்தேன்.

மாத்திரைக் காலம் முழுவதும் முடிந்தது. உங்கள் இருமல் முடியவில்லை. எடை ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. மருந்துக்கு அடங்காத கிருமியோ என்று சோதித்தார்கள். அப்படியும் இல்லை. டாக்டர் மறுபடி முதலிலிருந்து மருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அந்த மாத ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி உங்கள் பெயரைப் படித்துவிட்டு, எல்லார் முன்னாலும் என்னை எழுப்பினார். "பேஷன்ட் முழுங்கறாங்களா இல்லையான்னு பாக்கறதுதானேம்மா உன் வேலை? அதையும் நான் வந்து பாக்கணுமா?" என்றார். அந்தக் கோபத்தைக் கீழே இறக்காமல், ஸ்கூட்டியில் வைத்தே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். செல்வி அப்போதுதான் செல்போன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. நான் வாசலில் நின்றபடியே, "மாத்திரையை முழுங்கறீங்களா, துப்பறீங்களா?" என்று கேட்டேன்.

"முழுங்கறேன் சிஸ்டர்."

"அப்புறம் எப்படிக்கா எடை ஏறாம இருக்கும்? வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க."

தூக்கினீர்கள். அதோடு நான் விட்டிருக்கலாம். அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ஏமாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி அது. "போய்ப் பிடிச்சிட்டு வாங்க, பாக்கணும்" என்றேன்.

"இப்பவா?"

"இப்பதான்."

நீங்கள் ஒரு பழைய பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துக்கொண்டு, லைன் கடைசியில் இருந்த பொதுக் கழிப்பறைக்கு நடந்து போனீர்கள். ஒவ்வொரு வாசலிலும் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தீர்கள். என் முன்னால் வந்து திறந்து காட்டினீர்கள். நல்ல ஆரஞ்சு நிறம். நான் அதோடும் நிறுத்தவில்லை. "இன்னைக்கு நான் வருவேன்னு தெரிஞ்சு சாப்பிட்டிருப்பீங்க" என்றேன்.

நீங்கள் டம்ளரை மறுபடி முந்தானையால் மூடினீர்கள். செல்விதான் சொன்னாள். "அக்கா, எங்கம்மா பொய் சொல்லாது."

"நான் சொல்லலம்மா. ரிப்போர்ட் சொல்லுது" என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அதற்குப் பிறகு நான் வரும்போதெல்லாம், கேட்பதற்கு முன்பே மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுவீர்கள். என் கண்ணைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அந்த வருஷம் நீங்கள் குழாயிலிருந்து குடத்தோடு வரும்போது நடுவில் இறக்கி வைத்து நிற்பது வழக்கமாயிற்று. பிறகு குடம் இல்லாமலே நின்றீர்கள். தலை சீவக் கையைத் தூக்கினால் மூச்சு முட்டுகிறது என்று செல்வியைச் சீவச் சொன்னீர்கள். மூட்டை பிடிக்க முடியவில்லை என்றதும், மேஸ்திரி இரக்கப்பட்டு மூட்டை தைக்கிற பக்கம் மாற்றிவிட்டார். அதுவும் அதே ஷெட்தான், அதே காற்றுதான். இரண்டாவது தடவை மருந்தும் முடிந்து ஒன்றும் ஆகாதபோதுதான், கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே நெஞ்சு நோய்ப் பிரிவில் இருந்தவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். வெளியே வரிசை நீளமாக இருந்தது. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

நான்தான் முந்திக்கொண்டேன். "கூலி வேலை மேடம்."

"அவங்க சொல்லட்டும் சிஸ்டர். என்ன கூலிம்மா?"

"மில்லுலங்க. கல்லு மாவு மூட்ட புடிக்கறது. இப்ப தைக்கறேன்."

"என்ன கல்லு?"

"வெள்ளக் கல்லுங்க. கண்ணாடி செய்யப் போவுதாம்."

"மாவு எப்படி இருக்கும்? நைசாவா?"

நீங்கள் யோசித்தீர்கள். அதுவரை எந்த டாக்டரும் உங்களை இவ்வளவு பேச விட்டதில்லை. "கோலமாவெல்லாம் அதுங்கிட்ட மணலுங்க. ஷெட்டுக்குள்ள சும்மா நின்னாத் தெரியாது. தகரத்துல ஓட்ட இருக்குமில்லீங்க, அது வழியா வெயிலு கோடாட்டம் உழும். அந்தக் கோட்டுல பாத்தாத்தான் ஆடறது தெரியும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரரும் அங்கதானா?"

"அவருதாங்க மொதல்ல. அரைக்கற மெஷினுக்குப் பக்கத்துல. அவருக்கு முடியாமப் போனதும் என்னைச் சேத்துக்கிட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. படத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "இங்க பாருங்க சிஸ்டர், கேழ்வரகை இறைச்ச மாதிரி சின்னச் சின்னதா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இதைப் பாத்தவுடனே என்ன வேலைன்னு கேக்கத் தோணணும்" என்றார். அவ்வளவுதான். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார்கள். சளியையும் இன்னொரு முறை சோதித்தார்கள். சில தடவை போய் வந்தோம். எல்லாம் வந்த பிறகு உங்களை எதிரில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "இது கிருமியால வந்தது இல்லம்மா. கல்லுத் தூசி. மூச்சு வழியா உள்ள போய் நுரையீரல்லயே உக்காந்துக்கிச்சு. அதைச் சுத்தித் தழும்பாயிருச்சு. இதுக்கு சிலிகோசிஸ்னு பேரு. போன தூசியை எடுக்க மருந்து கிடையாது. இனிமே அந்த மில்லுக்குள்ள காலே வைக்காதீங்க. இந்த நுரையீரல்ல நிஜமான டிபி சுலபமா வந்து ஒட்டிக்கும். அதையும் நாம கவனிக்கணும்."

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்து நான் உங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் இருந்தது பயம் இல்லை, அக்கா. ரொம்ப நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தியா மும்தாஜ்" என்றீர்கள். "நான் மாத்தர சாப்ட்டேன்."

அதுவரை என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. மருந்தே கிடையாது என்று ஒரு டாக்டர் சொல்லி முடித்த நிமிஷத்தில், நீங்கள் பொய் சொல்லவில்லை என்பது நிரூபணமானதுதான் உங்களுக்குப் பெரிதாக இருந்தது. அதைப் பெரிதாக்கி வைத்தவள் நான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உங்களை உட்காரவைத்தேன். சூளகிரி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, "மன்னிக்கறது கெடக்கட்டும். செல்விய வெச்சிக்கிட்டு அதக் கேட்டிருக்க வேணாம்" என்றீர்கள். மேற்கொண்டு ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். திட்டாவது திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "காலைலருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. எறங்கினதும் பன்னு வாங்கித் தின்னு" என்றுதான் சொன்னீர்கள்.

அன்று மாலை செல்வியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னது நான்தான். நீங்கள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். அவள் கெட்டிக்காரி. ஒரு தடவைதான் சொன்னேன், புரிந்துகொண்டாள். "அப்ப எங்கப்பாவுக்கும் இதுதானாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம் செல்வி."

"அப்பாவுக்கு வந்தப்பவே யாராச்சும் என்ன வேலைன்னு கேட்டிருந்தா, எங்கம்மா அங்க போயிருக்காது இல்ல?"

அவள் குத்திக்காட்டவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிறவளைப் போலக் கேட்டாள். யாராச்சும் என்றாள். அந்த யாராச்சும் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து நீங்கள்தான், "அவள ஏண்டி நோண்டற, டீ போடு போ" என்று குரல் கொடுத்து என்னைக் காப்பாற்றினீர்கள். என்னைக் காப்பாற்ற உங்களுக்கு என்ன அவசியம் இருந்தது?

மில்லுக்குப் போவதை நிறுத்தினீர்கள். ஆனால் மில்லை விடவில்லை. உங்களோடு மூட்டை பிடித்த பெண்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தீர்கள். "நான் மட்டும் போனா, தெம்பில்லாத பொம்பள ஒளறுதும்பாங்க. நீ அட்ட மாட்டிக்கிட்டு வந்து பக்கத்துல நில்லு மும்தாஜ். கவர்மெண்டுன்னா கேப்பாங்க" என்றீர்கள். வருகிறேன் என்றுதான் சொன்னேன். பிறகு மேலதிகாரியிடம் கேட்டேன். "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா. கம்பெனிக்காரன் போய் யார்கிட்டயாவது பேசினா, அடுத்த தடவை உன் கான்ட்ராக்ட்டை யார் புதுப்பிக்கறது?" என்றார். என் வீட்டுக்காரருக்கு ஆட்டோ ஓட்டமே சரியில்லாத சமயம் அது. நீங்கள் சொன்ன நாளுக்கு முன்தினம் போன் பண்ணி, எனக்கு நாளைக்கு மீட்டிங் இருக்கிறது என்றேன்.

உங்கள் மூச்சு போனில் இரைந்து கேட்டது. "சரி, மீட்டிங்கப் பாரு" என்றீர்கள்.

மீட்டிங் எதுவும் இல்லை. உங்களுக்கும் அது தெரியும்.

நீங்கள் தனியாகப் போனீர்கள். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, நின்று நின்று நடந்து போனதாகச் செல்வி பிறகு சொன்னாள். சாப்பாட்டு நேரம். பெண்கள் லாரி நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருந்தார்கள். நீங்கள் படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறீர்கள். மேஸ்திரி வந்து, "மில்ல மூடிட்டா இவங்களுக்கெல்லாம் நீயா சோறு போடுவே?" என்று கேட்டிருக்கிறார். அதற்கும் நீங்கள் தெலுங்கில் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பக்கத்திலேயே தினம் உட்கார்ந்து சாப்பிட்ட ராஜம்மா, தன் டப்பாவை எடுத்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "உனக்கு டிபி. எங்களுக்கும் ஒட்ட வெக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு மட்டும் உங்களிடம் எந்தப் பாஷையிலும் பதில் இருக்கவில்லை.

இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். "எங்கொழம்ப வாங்கி ஊத்திக்கறவ, டப்பாவ நவுத்திக்கிட்டா பாரேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாராவாரம் ஸ்கூட்டியில் வந்து, லைனே பார்க்க உங்களை வாயைத் திறக்கச் சொல்லி, டிபிக்காரி என்று ஊருக்குச் சொன்னது நான்தான். மறுக்க வேண்டிய நாளில் நான் அங்கே இல்லை.

டாக்டர் சொன்னபடியே பிறகு கிருமியும் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை சளியிலேயே தெரிந்தது. அதே மாத்திரையை மறுபடி கொண்டுவந்தேன். முதல் நாள் நீங்கள் விழுங்கிவிட்டு, நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மேலே தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக் காட்டினீர்கள். கண்ணில் குறும்பு இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பாரு மும்தாஜ், பாத்து எழுதிக்க. அப்புறம் ஒங்க ஆபீசரு கோவிச்சுக்குவாரு" என்றீர்கள். சிரித்ததில் மூச்சு முட்டி, முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. உங்கள் முதுகில் எலும்பு தவிர வேறெதுவும் என் கைக்குத் தட்டுப்படவில்லை.

அதற்குப் பிறகு படுத்தால் மூச்சு வராது என்று, சுருட்டிய மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். கரண்ட் போனால் அது நிற்கும். அந்தச் சமயத்தில் செல்வி அட்டை ஒன்றை வைத்து விசிறிக்கொண்டே இருப்பாள். விசிறுவதால் என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கும் தெரியும். கடைசியில் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், ஒரு மழைக்காலத்து மத்தியானம், நானும் அவளும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். நீங்கள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறீர்கள் என்று குனிந்தேன். "செல்வி சாப்பிடல. கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடு" என்றீர்கள். கூட்டிப்போனேன். அவள் நாலு வாய் சாப்பிட்டாள். நாங்கள் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் அமைதியாகப் போய்விட்டீர்கள்.

உங்களை ஊத்தங்கரைப் பக்கம் உங்கள் ஊருக்கே கொண்டுபோனார்கள். நானும் வந்தேன். உறவுக்காரர்கள் என்னை யார் என்று கேட்டபோது, "அம்மாவோட சிநேகிதி" என்று செல்வி சொன்னாள். எனக்குத் தகுதி இல்லாத பெயர். அதை அந்த இடத்தில் மறுத்துச் சொல்லவும் முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் நான் அந்த மில் வாசலுக்குப் போனேன். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் போனேன். மேஸ்திரி, "என்ன மேடம், டிபி கேம்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் உட்கார்ந்து, உங்களுக்கு வந்தது என்ன, அது எங்கேயிருந்து வந்தது, முதலில் வந்தது டிபியே இல்லை, அதை டிபி என்று தப்பாகச் சொன்னது நாங்கள் என்று, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ராஜம்மா என்னைப் பார்த்தாள்.

"அந்தக்கா படத்தத் தூக்கிக்கிட்டு தனியா வந்து நின்னுச்சே. அன்னைக்கு நீங்க எங்க மேடம் போயிருந்தீங்க?"

மீட்டிங் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. "எங்கயும் போகல. வேலை போயிடுமோன்னு பயந்துக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவள் சாப்பிட்ட டப்பாவை மூடினாள். "நாங்களும் அப்படித்தான் மேடம் இங்க உக்காந்திருக்கோம்" என்றாள்.

அடுத்த வாரம் அவளும் இன்னும் இரண்டு பேரும் என்னோடு கிருஷ்ணகிரிக்கு வந்தார்கள். ராஜம்மாவுக்கு ஆரம்ப நிலை. படத்தில் அந்தப் பொட்டுகள் லேசாகத் தெரிந்தன. அவள் மில்லை விட்டுவிட்டு, இப்போது பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறாள். மற்ற இரண்டு பேருக்கும் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அவர்கள் திரும்பவும் மில்லுக்கே போனார்கள். ஒன்றும் இல்லை என்றால் போகலாம் என்று அர்த்தமில்லை என நான் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் டாக்டர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கு எழுதிப் போட்டு, ஒருமுறை ஆய்வுக்கு ஆட்கள் வந்து போனார்கள். அரைக்கிற மெஷினுக்கு மேலே தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டிருக்கிறார்கள். சில நாள் தண்ணீர் வருகிறது. என் கான்ட்ராக்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தபோது, எனக்கு நிம்மதி வரவில்லை.

செல்வி ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், என் சமையலில் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். தன் அப்பாவைப் பற்றி அன்றைக்குக் கேட்டதை அவள் மறுபடி கேட்டதே இல்லை. கேட்டால் சொல்வதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஆமாம் செல்வி, உன் அம்மா அங்கே போயிருக்க மாட்டார்கள். அதை நானாகச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

மில், கல் உடைக்கிற கிரஷர், கிரானைட் பட்டறை என்று இப்போது யார் யாரையோ படம் எடுக்கக் கூட்டிப்போகிறேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் அவர்களுடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து படம் எடுக்கிற பையனின் குரல் கேட்கும். "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே புடிங்க." ஒவ்வொரு தடவையும் வெளியே நானும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். நானாகச் செய்வதில்லை, தானாக நடக்கிறது. "சரி, விடலாம்" என்று அவன் சொன்னதும் அவர்கள் விட்டுவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

எனக்கு மட்டும், அக்கா, விட வருவதில்லை.

உங்கள்
மும்தாஜ்